குரோம்பேட்டையிலிருந்து எழும்பூர் வரை இளையராஜா

2,000 ரூபாய்க்குள் கிடைக்கும் இயர்பட்ஸைப் பற்றி யாராவது பேச்சை எடுத்தால் போதும், நான் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுவேன். அலுவலகத்தில் தோழிகள் புதிதாக வாங்குவதற்கு முன் என்னிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் ஆர்டர் போடுகிறார்கள். சித்தி பையன் கல்லூரியில் சேர்ந்தபோது அவனுக்கு எது வாங்கலாம் என்று சித்தி எனக்குத்தான் போன் செய்தார். நான் இந்தத் தொழிலில் இருப்பவள் இல்லை. பாட்டுப் பைத்தியம், தினமும் சென்னை லோக்கல் ரயிலில் போய் வருபவள், மாதச் சம்பளக்காரி. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த ஒருத்திக்கு இந்தச் சின்னப் பொருள் என்னவெல்லாம் செய்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

விலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2016 செப்டம்பரில் ஐபோன் 7-இல் இயர்போன் சொருகும் துளையை எடுத்துவிட்டு ஆப்பிள் ஏர்பாட்ஸை அறிவித்தபோது, இந்தியாவில் அதன் விலை 15,400 ரூபாய். அதில் வெளிச்சத்தத்தைக் குறைக்கும் நாய்ஸ் கேன்சலேஷன் கிடையாது. அந்த வசதியோடு 2019-இல் வந்த ஏர்பாட்ஸ் ப்ரோவின் விலை 24,900 ரூபாய். அப்போது அந்த விளம்பரங்களைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். இன்று அதே வசதி 2,000 ரூபாய்ப் பட்ஸில் இருக்கிறது! ஆப்பிளுடையது அளவுக்கு நேர்த்தியாக இல்லை என்பது உண்மைதான். ஆனால் 24,900-இல் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லாத விலையில், அந்த அனுபவத்தின் பெரும்பகுதி என் கைக்கு வந்துவிட்டது. போட், நாய்ஸ், போல்ட், மிவி, ரியல்மி, ரெட்மி, ஒன்பிளஸ், சிஎம்எஃப் என்று இத்தனை பேர் இந்த விலையில் போட்டி போடுவதால் நமக்குக் கிடைத்த லாபம் இது. என் பட்ஸ் எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. நான் சொல்லும் நிறைகுறைகள் இந்த விலையில் உள்ள அநேகமாக எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

வயர் இல்லாததன் அருமை, காலை எட்டரை மணிக்குப் பெண்கள் பெட்டியில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். ஒரு கை மேலே கம்பியில், இன்னொரு கை ஹேண்ட்பேக்கில். வயர் இயர்போன் இருந்த காலத்தில் அது துப்பட்டாவில் சுற்றும், பக்கத்தில் நிற்பவரின் பை வாரில் மாட்டும், மாம்பலத்தில் இறங்கும் கூட்டம் இழுத்துக்கொண்டு போகும். காதில் ஜிமிக்கி போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். இப்போது பிளாட்பாரத்தில் நிற்கும்போதே இரண்டையும் காதில் வைத்துவிடுவேன். அதற்குப் பிறகு எழும்பூர் வரை போனைப் பையிலிருந்து எடுக்கிற வேலையே இல்லை. காதோரம் இரண்டு தட்டு தட்டினால் அடுத்த பாட்டு.

ஆனால் என்னை இந்த அளவுக்குப் பேச வைப்பது நாய்ஸ் கேன்சலேஷன். குரோம்பேட்டையில் ஏறி, பட்ஸின் தண்டை ஒரு விநாடி அழுத்திப் பிடிப்பேன். சின்னதாக ஒரு மணிச் சத்தம். உடனே தலைக்கு மேலே சுற்றும் ஃபேனின் இரைச்சல் போய்விடும். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே ஓயாமல் உறுமிக்கொண்டிருந்த ‘கடகட’ எங்கோ தூரத்துக்குப் போய்விடும். திரிசூலம் தாண்டும்போது விமானம் தலைக்கு மேலே இறங்கும், அதன் கனத்த முழக்கத்தில் பாதிதான் காதுக்கு வரும். அதே நேரத்தில் வேர்க்கடலை விற்பவரின் குரல் தெளிவாகக் கேட்கும். குழந்தை அழுதால் கேட்கும். வளைவில் சக்கரம் கிறீச்சிடுவதும் கேட்கும்.

முழு நிசப்தம் கிடைக்கும் என்று எதிர்பார்த்து வாங்குபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோய் ‘மட்டமான சரக்கு’ என்று சொல்கிறார்கள். அப்படி இல்லை. அந்த வித்தையே அப்படித்தான் வேலை செய்யும். பட்ஸின் வெளிப்பக்கம் உள்ள மைக் சுற்றுப்புறச் சத்தத்தை எடுத்துக்கொள்கிறது. உள்ளே உள்ள சிப் அந்த ஒலி அலையைத் தலைகீழாக்கி ஸ்பீக்கர் வழியாக விடுகிறது. மேடும் பள்ளமும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஜெர்மானியரான பால் லூயெக் இந்த யோசனைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1936-இல். 100 ஹெர்ட்ஸ் உறுமலின் அலை நீளம் சுமார் 3.4 மீட்டர். அவ்வளவு நீளமான அலைக்கு நேர் எதிர் அலையைப் பொருத்துவது சுலபம். 3,000 ஹெர்ட்ஸ் சத்தத்துக்கோ அலை நீளம் 11 சென்டிமீட்டர்தான். கொஞ்சம் பிசகினாலும் தப்பிவிடும். அதனால்தான் ஒரே சீராக வரும் கனத்த சத்தம் அடங்குகிறது, மனிதக் குரலும் ஹாரனும் அடங்குவதில்லை. தனியாகப் போய் வரும் எனக்கு அது ஒரு பாதுகாப்பும்கூட. பெட்டியில் ‘32 டெசிபல்’ என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். அது ஏதோ ஓர் அலைவரிசையில் அதிகபட்சமாகக் கிடைத்த அளவு. எல்லாச் சத்தமும் அந்த அளவுக்குக் குறையும் என்று அர்த்தம் இல்லை.

இதனால் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை வால்யூம் குறைந்ததுதான். முன்பு ரயில் சத்தத்தை மீறிப் பாட்டு கேட்க, வால்யூமைக் கிட்டத்தட்ட முழுக்க ஏற்ற வேண்டியிருந்தது. இப்போது பாதி போதும். 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவே 90 டெசிபல் ஆனால் 4 மணி நேரம்தான். தினமும் ரயிலில் போகிறவர்களின் கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள். நாய்ஸ் கேன்சலேஷன் ஆடம்பரம் என்று சொல்பவர்களிடம் நான் சண்டையே போடுவேன்.

சரி, பாட்டு எப்படி இருக்கிறது? அதைச் சொல்லத்தானே இத்தனையும்!

இளையராஜாவின் 1986-ஆம் வருட ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தை இதில் கேட்டுப் பாருங்கள். வி.எஸ்.நரசிம்மனின் வயலின் தனியாக முன்னே வந்து நிற்பதும், அதற்குப் பின்னால் மற்ற தந்தி வாத்தியங்கள் அடுக்கடுக்காக எழுவதும் ஒவ்வொன்றாகப் பிரிந்து கேட்கும். எண்பதுகளின் இளையராஜா பாடல்களில் சசிதரனின் பேஸ் கிட்டார் பாட்டுக்கு அடியில் தனியாக இன்னொரு பாட்டு வாசித்துக்கொண்டு போகும். போன் ஸ்பீக்கரில் கேட்கிறவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நானும் சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகக் கேட்ட பாடல்கள்தான் அவை. கிண்டி தாண்டிக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டின் சரணத்தில் அந்த பேஸ் படியிறங்கி வருவதை முதல்முறையாகக் கவனித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை வாசித்தவர் எத்தனை நேரம் உழைத்திருப்பார், எழுதியவர் எத்தனை யோசித்திருப்பார்! அது நம் காதுக்கு வந்து சேர 1,800 ரூபாய்தான் தேவைப்பட்டது.

1978-இல் வந்த ‘பிரியா’ படத்தின் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. ஒரு வாத்தியம் இடது காதிலும் இன்னொன்று வலது காதிலும் பேசிக்கொள்வதை ரசிக்க இயர்பட்ஸைவிடத் தோதான கருவி இல்லை. அதேபோல 1993-இல் வந்த ‘திருடா திருடா’ படத்தில், வாத்தியங்களே இல்லாமல் குரல்களை மட்டும் வைத்து ஏ.ஆர்.ரஹ்மான் செய்த பாட்டு ஒன்று உண்டு. சாகுல் ஹமீது பாடியது. பட்ஸ் நல்லதா இல்லையா என்று பார்க்க நான் முதலில் போடுவது அதைத்தான். பின்னால் வரும் கோரஸ் குரல்கள் மொத்தையாக ஒன்றாகிவிட்டால் அந்தப் பட்ஸ் எனக்கு வேண்டாம். தனித்தனி மனிதர்களாக நின்று பாடினால் வாங்கிவிடலாம்.

கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். இந்த விலையில் வரும் பட்ஸ்களை அநேகமாக எல்லாக் கம்பெனிக்காரர்களும் பேஸை ஏற்றித்தான் அனுப்புகிறார்கள். குத்துப் பாட்டுக்கு அது அமர்க்களமாக இருக்கும். கச்சேரியில் மிருதங்கத்தின் தொப்பி வீங்கிப்போய், வலந்தலையின் நாதத்தையும் தம்புராவின் ரீங்காரத்தையும் மூடிவிடும். இதற்கு மருந்து கம்பெனியின் ஆப்பிலேயே இருக்கிறது. ஈக்வலைசரைத் திறந்து இடது ஓரத்தில் இருக்கும் இரண்டு கோடுகளையும் கொஞ்சம் இறக்குங்கள். பாடகரின் குரல் முன்னே வந்து உட்காரும். ஆப் இல்லாத பட்ஸாக இருந்தால் ஆண்ட்ராய்டு போனில் ‘வேவ்லெட்’ என்ற ஆப்பைப் போட்டுக்கொள்ளலாம். இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்யாமல் பட்ஸைக் குறை சொல்லவே கூடாது.

ரிச்சி தெருவில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. “அக்கா, இத கேளுங்க, பேஸ் சும்மா கும்முனு இருக்கும்” என்று அந்தப் பையன் ஒரு ஜோடியை நீட்டினான். “பேஸ் இருக்கட்டும் தம்பி, மிருதங்கம் எப்படிக் கேக்கும்?” என்றேன். அவன் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, தன் போனிலேயே யூடியூபில் ஒரு தனியாவர்த்தனத்தைத் தேடி எடுத்துப் போட்டான். அலமாரியிலிருந்து மூன்று மாடல்களை எடுத்து ஒவ்வொன்றிலும் அதையே கேட்கச் சொன்னான். மூன்றாவதில் கடம் தனியாக, மிருதங்கம் தனியாகக் கேட்டது. “இதான்க்கா உங்களுக்கு” என்றான். வாடிக்கையாளரின் காதுக்கு ஏற்றதைத் தேடித் தந்த அந்தத் தம்பி நன்றாக இருக்கட்டும்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியம். டிரைவர் 10 மில்லிமீட்டரா 13 மில்லிமீட்டரா, ப்ளூடூத் 5.3-ஆ 5.4-ஆ என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். முதலில் பார்க்க வேண்டியது முனையில் இருக்கும் ரப்பர். மாட்டி வருவது பெரும்பாலும் நடுத்தர அளவு. பெட்டியின் அடியில் ஒரு சின்னக் கவரில் சிறியதும் பெரியதும் இருக்கும். பலர் அந்தக் கவரைப் பிரிக்காமலேயே பெட்டியோடு அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். மூடி சரியாகப் பொருந்தாத குக்கரில் பிரஷர் ஏறுமா? அதே கதைதான் இங்கும். ரப்பர் காதுத் துளையை நன்றாக அடைக்கவில்லை என்றால் கனத்த ஒலி முழுவதும் இடுக்கு வழியாக வெளியே ஓடிவிடும், பாட்டு சவசவ என்று ஆகிவிடும். நாய்ஸ் கேன்சலேஷனும் அதே இடுக்கில்தான் தோற்றுப்போகும். எனக்குக் காதுத் துளை சின்னது. நடுத்தர ரப்பர் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். சிறியதை மாட்டியதும் அதே பட்ஸ் வேறு பொருளாகிவிட்டது. நிறையப் பெண்களுக்கு இதுதான் பிரச்சினை என்று தோழிகளுக்கு மாட்டிவிட்டபோது தெரிந்துகொண்டேன். இடது காதுக்கு ஓர் அளவு, வலது காதுக்கு வேறு அளவு வேண்டியிருந்தாலும் தப்பில்லை. காதில் வைத்து லேசாக ஒரு திருகு. உங்கள் குரலே உங்களுக்குத் தலைக்குள் கேட்பதுபோல் இருந்தால் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

குறைகள் இல்லையா? இருக்கின்றன. முதல் குறை, மைக்.

பெட்டியில் ‘ஈஎன்சி’ என்று இருந்தால் அது உங்கள் காதுக்கு வரும் சத்தத்தைக் குறைப்பது இல்லை. நீங்கள் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்குப் போகும் இரைச்சலைக் குறைப்பது. ‘ஏஎன்சி’ என்று இருந்தால்தான் ரயில் சத்தம் அடங்கும். இந்த ஓர் எழுத்து வித்தியாசம் தெரியாமல் காசைக் கொடுத்துவிட்டு வருத்தப்பட்டவர்கள் பலர். ஈஎன்சி இருந்தாலும் மலிவு விலைப் பட்ஸில் ரோட்டில் நின்று பேசுவது கஷ்டம். மைக் இருப்பது காதோரம், வாயிலிருந்து தள்ளி. போதாக்குறைக்கு, மைக்கைத் திறந்த உடனே ப்ளூடூத் வேறொரு வழிக்கு மாறி, தரம் குறைந்த மோனோ ஒலியாகிவிடும். பாட்டு கேட்டபோது அத்தனை இனிமையாக இருந்த அதே பட்ஸில் பேச்சு மட்டும் ஏன் இப்படித் தட்டையாகக் கேட்கிறது என்பதற்குக் காரணம் அதுதான். எழும்பூர் மேம்பாலத்தில் நடந்துகொண்டே அம்மாவிடம் பேசினால், “காத்து அடிக்கிற சத்தம்தான்டி கேக்குது, நீ பேசறது ஒண்ணும் புரியல” என்பார். வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் பேச ஒரு குறையும் இல்லை. ரோட்டில் முக்கியமான கால் என்றால் போனையே காதில் வைத்துப் பேசிவிடுங்கள்.

அடுத்தது பேட்டரி. ‘50 மணி நேரம்’ என்று விளம்பரம் இருந்தால் அது டப்பாவில் உள்ள சார்ஜையும் சேர்த்த கணக்கு. பட்ஸில் இருப்பது ஐம்பது மில்லிஆம்பியர்-மணி அளவுக்கான குட்டி பேட்டரி. நாய்ஸ் கேன்சலேஷனைப் போட்டால் ஐந்தாறு மணி நேரம் வரும். ஒருநாள் பயணத்துக்கு அது தாராளம். ஆனால் அந்தக் குட்டி பேட்டரி நூற்றுக்கணக்கான முறை ஏறி இறங்கியபின் தளர்ந்துவிடும், அதை மாற்றவும் முடியாது. பட்ஸின் கூட்டோடு சேர்த்து ஒட்டி மூடியிருப்பார்கள். இரண்டு, மூன்று வருடத்தில் ஒரு பக்கம் சீக்கிரமாகவும் இன்னொரு பக்கம் தாமதமாகவும் தீர ஆரம்பிக்கும். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். இத்தனை அழகான ஒரு பொருள் குப்பைக்குப் போகத்தான் பிறந்ததா என்று இருக்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி தயாரிப்பாளர்களுக்கு இதில் பொறுப்பு உண்டு. ஆகவே பழசை வீட்டுக் குப்பையில் போடாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். உள்ளே இருப்பது லித்தியம்.

ஒரு பக்கம் திடீரென்று சார்ஜ் ஏறவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பாதி நேரம் அது பழுதே இல்லை. சென்னை வியர்வையும் காது அழுக்கும் சார்ஜ் ஏறும் அந்தச் சின்ன உலோகப் புள்ளிகளில் படிந்திருக்கும். உலர்ந்த பஞ்சு முனையால் பட்ஸிலும் டப்பாவிலும் துடைத்துவிட்டால் ஏறிவிடும். ‘ஐபிஎக்ஸ்4’ என்பது வியர்வை, மழைத் துளி தாங்கும் என்பதற்கு மட்டுமே. அதை நம்பிக் குழாயடியில் கழுவிவிடாதீர்கள். ரப்பரை மட்டும் கழற்றிக் கழுவிக் காயவைத்து மாட்டலாம். வாரம் ஒருமுறை அதைச் செய்தே ஆக வேண்டும். அடைத்த காதில் வியர்வை தங்கினால் தொற்று வரலாம். நம் ஊர் வெயிலுக்கு நாள் முழுக்க மாட்டிக்கொண்டே திரிவது நல்லதில்லை.

மற்றவை சின்னக் குறைகள். கேம் விளையாடினால் சத்தம் ஒரு கணம் பின்தங்கி வரும். படம் பார்க்கும்போது பெரும்பாலான ஆப்கள் அதைத் தாமே சரிசெய்துவிடுகின்றன. ரயில் நிலையத்தில் கூட்டம் நெரியும்போது சில சமயம் பாட்டு விட்டுவிட்டு வரும். ப்ளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நம் உடம்பில் உள்ள தண்ணீர் உறிஞ்சிவிடும், தவிர அங்கே எல்லோர் பையிலும் ஒரு ப்ளூடூத் கருவி இருக்கிறது. போனைப் பையின் அடியிலிருந்து எடுத்து முன்பக்கம் வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

வீட்டில் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கும் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். “எனக்கு எதுக்குடி இதெல்லாம்” என்றுதான் முதலில் சொன்னார். இப்போது காலை சமையல் முடியும் வரை பட்டிமன்றமோ கச்சேரியோ காதில் ஓடிக்கொண்டே இருக்கும். மிக்ஸி ஓடினாலும் விட்ட இடம் தெரியாமல் போவதில்லை. கை இரண்டும் மாவில் இருக்கும்போதே போன் வந்தால் காதைத் தொட்டு எடுக்கிறார். ஒரு காதில் மட்டும் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், குக்கர் விசில் கேட்க வேண்டுமே. அவருக்கு நாய்ஸ் கேன்சலேஷன் தேவையில்லை என்பதால் 1,000 ரூபாயைச் சுற்றி உள்ளதே போதுமாக இருந்தது.

ஆகவே என் தீர்ப்பு இது. வீட்டுக்குள் பேச, கேட்க மட்டும் என்றால் 1,000 ரூபாய். பஸ், ரயில் பயணம் தினமும் உண்டு என்றால் 1,500-லிருந்து 2,000 வரை, பெட்டியில் ‘ஏஎன்சி’ என்று தெளிவாக எழுதியிருப்பதைப் பார்த்து, ஒரு வருட உத்தரவாதத்தோடு வாங்குங்கள். நடைபாதையில் பெரிய கம்பெனிப் பெயரை ஒட்டி 300 ரூபாய்க்குத் தருவதைத் தொடாதீர்கள். உங்கள் தொழிலே நாள் முழுக்க ரோட்டில் நின்று போனில் பேசுவது என்றால் மட்டும் இந்த விலைப் பட்ஸ் வேண்டாம்; நல்ல வயர் ஹெட்செட் வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற எல்லோரும் தயங்காமல் வாங்கலாம். வாங்கிய அன்றே அந்தச் சின்னக் கவரைப் பிரித்து மூன்று ரப்பரையும் மாட்டிப் பாருங்கள். பொருந்தியதும், உங்களுக்கு மனப்பாடமான ஒரு பழைய இளையராஜா பாட்டைப் போட்டு, பாதி வால்யூமில் கேளுங்கள்.